அல்சூர் வீக்எண்ட் கிரிமினல் ட்ரையல் கிளாஸ்: ஆறு வாரம் முழுசா போயிட்டு வந்து எழுதுறேன்

ரெண்டு மூணு ஜூனியர் பசங்க கேட்டுட்டே இருந்தாங்க, அண்ணா அந்த அல்சூர் கிளாஸ் எப்படி, சேரலாமா வேணாமான்னு, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்புறத விட ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் மூணு வருஷ எல்எல்பி, இப்போ ரெண்டாவது வருஷம். வீடு பெங்களூரு ஸ்ரீராம்புரம். அங்க இருந்து மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்ல பர்ப்பிள் லைன் மாறி ஹலசூருல (அல்சூரோட மெட்ரோ ஸ்டேஷன் பேரு அதான்) இறங்கினா நடக்குற தூரம்தான். கிளாஸ் பேரு வேணும்னே போடல, ஏன்னா ஒரு விஷயத்துல எனக்கு அவங்க மேல வருத்தம் இருக்கு, அதையும் மறைக்காம எழுதப் போறேன். அல்சூர்ல ஒரு இட்லிக் கடைக்கு மேல, முதல் மாடில, சனி ஞாயிறு சாயங்காலம் நாலுல இருந்து ஏழு வரைக்கும் நடக்குது, ஆறு வாரம், 3,500 ரூபா. எங்க பேட்ச்ல பதினாலு பேரு, பாதிக்கு மேல தமிழ் பசங்க, மீதி கன்னடம், ஒரு தெலுங்கு பொண்ணு. கிளாஸ் தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து ஓடும், பெங்களூருல எல்லாம் அப்படித்தானே.

சொல்லித் தர்றது ரெண்டு பேர். ஒருத்தங்க முன்னாடி பப்ளிக் பிராசிக்யூட்டரா (பிபி, அரசுத் தரப்பு வக்கீல்) இருந்து ரிட்டையர் ஆன மேடம். இன்னொருத்தர் டிஃபென்ஸ் சைடுல பிராக்டிஸ் பண்ற சார். ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு எதிரெதிரா பேசுவாங்க, அந்த ஒண்ணுக்காகவே 3,500 குடுக்கலாம்.

முதல் நாள சொல்றேன். உள்ள போனா பெஞ்சு எதுவும் இல்ல, ரூமையே கோர்ட் ஹால் மாதிரி போட்டு வச்சிருக்காங்க. பலகை போட்டு உசத்தின ஒரு மேஜை, அதுக்குக் கீழ பெஞ்ச் கிளார்க், பக்கத்துல ஸ்டெனோ, எதிர்ல வக்கீல்ங்க மேஜை, ஒரு பக்கம் சாட்சிக் கூண்டுக்கு பதிலா ஒரு உயர ஸ்டூல், பின்னாடி சுவரோரமா அக்யூஸ்ட் நிக்கிற இடம். மேடம் ஒரு எவர்சில்வர் டப்பாவுல சீட்டு போட்டு குலுக்கி ஆளுக்கு ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க. ஜட்ஜ், பிபி, டிஃபென்ஸ், ஐஓ (விசாரணை அதிகாரி), கான்ஸ்டபிள், ஸ்டெனோன்னு ஒவ்வொருத்தனும் அவனவன் இடத்துல போய் உக்காந்துட்டான். என் சீட்டுல "பாதிக்கப்பட்டவர்"னு இருந்துச்சு. நானும் சுத்திச் சுத்தி பாக்குறேன், எனக்குன்னு நாற்காலியே இல்ல. மேடம், நான் எங்க உக்காரணும்னு கேட்டேன். அவங்க சிரிக்கல, கோவப்படவும் இல்ல, "நீ சாட்சிப்பா, சாட்சி சொல்ற வரைக்கும் உள்ள இருக்கக் கூடாது, வெளிய நில்லு, கூப்பிடுவாங்க"ன்னாங்க. வெளிய மாடிப்படில முக்கா மணி நேரம் நின்னேன். கதவு சாத்தியிருக்கு, உள்ள எதோ பேசுறாங்க, ஜாமீனா சார்ஜா ஒண்ணும் கேக்கல, கீழ கடைல இருந்து சாம்பார் வாசனை மட்டும் வருது. அப்புறம் பெஞ்ச் கிளார்க்கா இருந்த பையன் கதவத் தொறந்து என் பேர மூணு தடவை கத்தினான், உள்ள போனேன், பிபி பத்து கேள்வி, டிஃபென்ஸ் முப்பது கேள்வி, கையெழுத்து போடு, போலாம். அவ்வளவுதான். அந்தக் கேஸ்ல நான் பி.டபிள்யூ.1, அதாவது அரசுத் தரப்போட முதல் சாட்சி. எனக்கு நடந்த குற்றம், என் கேஸு, ஆனா அதுல நான் ஒரு நம்பர்.

மேடம் அதுக்கப்புறம்தான் சட்டம் பேச ஆரம்பிச்சாங்க. குற்றம்ங்கிறது அரசாங்கத்துக்கு எதிரா நடந்ததுன்னு நம்ம சிஸ்டம் எடுத்துக்குது, அதனால கேஸ நடத்துறது அரசு, நீங்க சாட்சி, இந்த அடிப்படைய புரிஞ்சுக்காம விக்டிம் ரைட்ஸ்னு மனப்பாடம் பண்ணினா எக்ஸாம் எழுதலாம், கட்சிக்காரருக்கு பதில் சொல்ல முடியாதுன்னாங்க. ஐநா சபை 1985-ல பாதிக்கப்பட்டவங்களுக்கான பிரகடனம் கொண்டு வந்துச்சு, நம்ம சிஆர்பிசில, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, விக்டிம்ங்கிற வார்த்தைக்கு ஒரு டெஃபனிஷனே 2009 டிசம்பர் 31-ல இருந்துதான் அமலுக்கு வந்துச்சு. அதுவரைக்கும் அந்த ஆளுக்கு சட்டத்துல தனியா ஒரு விளக்கம் கூட கிடையாது. இப்போ அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 2(1)(y), அதுல ஒரு சின்ன மாத்தம் இருக்கு, நெறைய பேரு கவனிக்கிறதில்ல, பழைய டெஃபனிஷன்ல குற்றம் சாட்டப்பட்டவர் மேல சார்ஜ் ஆன குற்றம்னு ஒரு வரி இருந்துச்சு, புதுசுல அந்த வரிய எடுத்துட்டாங்க. இந்த வித்தியாசத்த ரெண்டு சட்டப் புத்தகத்தையும் (பேர் ஆக்ட்) பக்கத்துல பக்கத்துல வச்சு விரல் வச்சு காட்டினாங்க, காலேஜ்ல யாரும் எங்களுக்கு இப்படி காட்டல.

ரெண்டாவது வாரம்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த கிளாஸோட உசுரு. கோர்ட் பாஷை பத்தி. பெங்களூருல தமிழ்ப் பசங்களுக்கு இது எவ்வளவு முக்கியம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, நம்ம வீட்டுப் பாட்டி ஒருத்தங்க சாட்சி சொல்லப் போனா தமிழ்ல சொல்வாங்க, அத ஒருத்தர் கன்னடத்துல மாத்துவாரு, ஜட்ஜ் அத இங்கிலீஷ்ல டிக்டேட் பண்ணுவாரு, ஸ்டெனோ டைப் அடிப்பாரு. மாக் கேஸ் சிம்பிள்தான், சாயங்காலம் ரோட்டுல ஒரு அம்மாகிட்ட வளையல பறிச்சிட்டான். அந்த அம்மாவா நடிச்சு சாட்சி சொல்ல வந்த பையன் நல்லா சொன்னான், "அவன் என் கைய முறுக்கி வளையல உருவுனான்"னு. கன்னடத்துக்குப் போய் இங்கிலீஷுக்கு வந்து ஸ்டெனோ டைப் பண்ணது என்னன்னா, அக்யூஸ்ட் என் கையில இருந்து வளையல எடுத்தான்னு மட்டும். முறுக்கினது காணாமப் போச்சு. எங்க யாருக்கும் பெருசா தோணல. மேடம் வெள்ளை போர்டுல ரெண்டு நம்பர் எழுதினாங்க, 304, 309. பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 304 ஸ்னாட்சிங், அதிகபட்சம் மூணு வருஷம். 309 ராபரி, பத்து வருஷம் வரைக்கும் போகும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது அந்த முறுக்கினதுதான், காயம் பண்ணியோ மிரட்டியோ எடுத்தானாங்கிற கேள்வி. ஒரு தமிழ் வினையெச்சம் விட்டுப் போனா கேஸே வேற கேஸ் ஆயிடுது.

அதுக்கு வழி என்னன்னும் காட்டினாங்க. சாட்சியம் எழுதி முடிச்சதும் அத சாட்சிக்குப் படிச்சுக் காட்டணும், அவருக்குப் புரியாத பாஷைல எழுதியிருந்தா புரியுற பாஷைல சொல்லணும், தப்புன்னு சாட்சி சொன்னா ஜட்ஜ் திருத்தலாம், இல்லன்னா ஆட்சேபணைய குறிச்சு வைக்கணும், பிஎன்எஸ்எஸ் 313, பழைய 278. பழைய 313-ங்கிறது அக்யூஸ்ட கேள்வி கேக்குறது, அது இப்போ 351. இந்த நம்பர் குழப்பத்துல எக்ஸாம்ல மார்க் போன ஆளுங்க எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர். நாங்க நடிச்சப்ப என்ன ஆச்சுன்னா, பெஞ்ச் கிளார்க்கா இருந்தவன் அவசரத்துல பேப்பர நீட்டி "சரினா?"ன்னு கேட்டான், சாட்சி தலையாட்டி கையெழுத்து போட்டுட்டான். மேடம் அங்கயே நிறுத்தி, வக்கீலா உன் கட்சிக்காரர் சாட்சிக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு நிமிஷத்த பத்தி சொல்லிக் குடு, படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்குறது அவங்க உரிமை, தயவு இல்லன்னாங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் எங்க பாட்டிகிட்ட இத சொன்னேன், அவங்க ஒரு கேஸ்ல எப்பவோ சாட்சி சொன்னவங்க. "எனக்கு யாருமே படிச்சுக் காட்டல கண்ணு, இங்க போடுன்னாங்க, ரேகை வச்சேன்"னாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

மூணாவது வாரம் ரோல்ஸ். பிபி உங்க வக்கீல் இல்ல, இதுதான் மேடம் சொன்ன முதல் வரி. முப்பது வருஷம் பிபியா இருந்தவங்க வாய்ல இருந்து இது வரும்போது கனமா இருக்கு. பிபி போலீசுக்கும் வக்கீல் இல்ல, எப்படியாவது தண்டனை வாங்கித் தரணும்ங்கிற வெறி பிபிக்கு இருக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1999-ல சிவ் குமார் வழக்குல சொல்லியிருக்கு, உண்மைய கோர்ட்டு முன்னாடி வைக்கிறதுதான் வேலை, அது அக்யூஸ்டுக்கு சாதகமா இருந்தாலும். சரி, அப்போ பாதிக்கப்பட்டவர் சொந்தமா வக்கீல் வச்சா? வைக்கலாம், பிஎன்எஸ்எஸ் 18(8)-ல கோர்ட் அனுமதிக்கலாம்னு இருக்கு, ஆனா அந்த வக்கீல் பிராசிக்யூஷனுக்கு உதவி பண்ணத்தான் முடியும். 2019-ல ரேகா முரார்கா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, விக்டிம் வக்கீல் தனியா எழுந்து கிராஸ் (குறுக்கு விசாரணை) பண்ணவோ வாய்மொழியா ஆர்கியூ பண்ணவோ முடியாது, கேக்க வேண்டியது இருந்தா பிபி கிட்ட குடுக்கணும், சாட்சியம் முடிஞ்சப்புறம் கோர்ட் அனுமதியோட எழுத்து மூலமா வாதம் குடுக்கலாம்.

இதுல எனக்கு உடன்பாடு இல்லன்னு கிளாஸ்லயே சொன்னேன். பிபிகிட்ட ஒரு நாளைக்கு அத்தனை ஃபைல் இருக்கு, கூண்டுல நிக்கிறவங்க வாழ்க்கைய அவரு ஒரு கால் மணி நேரம் படிச்சிட்டு வந்து நடத்துறாரு, சொந்த வக்கீல் பக்கத்துல உக்காந்து துண்டுச் சீட்டு நீட்டிட்டு இருக்கணுமான்னு கேட்டேன். டிஃபென்ஸ் சார் அப்போதான் பேசினாரு. ஒரு பக்கம் அரசாங்கம், போலீஸ், பிபி, அதோட இன்னொரு வக்கீல், எதிர்ல ஜாமீன் கிடைக்காம உள்ள இருந்து வர்ற ஒருத்தன், லீகல் எய்டுல வந்த ஒரு ஜூனியர், தராசு எந்தப் பக்கம் சாயும்னு யோசிச்சுப் பாருன்னாரு. எனக்கு உடனே பதில் வரல. இன்னும் முழு மனசா ஒத்துக்கல, ஆனா அவரு சொன்னது நியாயமான பயம். விக்டிம் ரைட்ஸ் கிளாஸ்ல அக்யூஸ்டோட உரிமையையும் அதே மரியாதையோட பேசினதுக்கு இவங்களுக்கு ஒரு பெரிய நன்றி.

அப்பீல் பகுதி அட்டகாசம். மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கு, நம்ம கர்நாடகா கேஸ். 2009 பிப்ரவரில ஒருத்தர தாக்குறாங்க, ட்ரையல் கோர்ட் 2013-ல விடுதலை பண்ணிடுது, அவரு ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போறாரு, சம்பவம் 2009 டிசம்பர் 31-க்கு முன்னாடி நடந்ததுன்னு காரணம் சொல்லி அங்க எடுக்கல. சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபர் 12-ல, குற்றம் நடந்த தேதி முக்கியமில்ல, தீர்ப்பு வந்த தேதிதான் பாக்கணும், அதோட விக்டிம் அப்பீல் போக லீவ், அதாவது கோர்ட்டோட முன் அனுமதி, கேக்க வேண்டியதில்லன்னு சொல்லுச்சு, மூணுல ரெண்டு ஜட்ஜ். லீவ் விஷயத்துல மாறுபட்டது நீதிபதி தீபக் குப்தா. அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படிக்க வச்சாங்க. இந்த உரிமை இப்போ பிஎன்எஸ்எஸ் 413-ல இருக்கு. 2025-ல செக் பவுன்ஸ் கேஸ்ல புகார் குடுத்தவரும் விக்டிம்தான், இதே வழில அப்பீல் போகலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் சேர்த்தாங்க, அதுவரைக்கும் அப்டேட்டா இருந்தாங்க.

லக்கிம்பூர் கேரி (2021-ல உ.பி.ல விவசாயிங்க மேல கார் ஏத்தினதா வந்த கேஸ்) ஜாமீன் விஷயமும் அன்னிக்கே. ஜக்ஜீத் சிங் வழக்கு, 2022 ஏப்ரல். ஹைகோர்ட் ஜாமீன் குடுத்த ஆன்லைன் விசாரணைல பாதிக்கப்பட்ட குடும்பத்தோட வக்கீல்ங்க கனெக்‌ஷன் கட்டாயிடுச்சு, திரும்ப கேக்கணும்னு போட்ட மனுவையும் எடுத்துக்கல. சுப்ரீம் கோர்ட் அந்த ஜாமீன ரத்து பண்ணி, போலீஸ் விசாரணைல இருந்து அப்பீல் முடியுற வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் விக்டிமுக்கு பேச இடம் உண்டுன்னு சொல்லுச்சு. நெட் கட்டானதுல ஒரு குடும்பத்தோட குரல் போயிருக்கு பாருங்க, முதல் நாள் நான் படில நின்னது ஞாபகம் வந்துச்சு.

இப்போ வருத்தத்துக்கு வர்றேன். நாலாவது வாரம் பாலியல் குற்ற வழக்கு மாக் ட்ரையல். அன்னிக்கும் அதே டப்பா, அதே சீட்டு. ஒரு பொண்ணுக்கு விக்டிம் சீட்டு வந்துச்சு. அவ பேப்பர பாத்ததும் முகம் மாறினத நான் பாத்தேன், ஆனா வாய் திறந்து ஒண்ணும் சொல்லல, நானும் சொல்லல. டிஃபென்ஸா இருந்த பையன் நல்லவன்தான், பாடம்னு நெனச்சு சீரியஸா கிராஸ் பண்ணான், மூணாவது கேள்விலயே அவ ஸ்டூலோட விளிம்ப கெட்டியா புடிச்சுக்கிட்டா, அஞ்சாவது கேள்விக்கு அழுதுட்டே எழுந்து வெளிய போயிட்டா. என்ன காரணம்னு யாரும் கேக்கல, கேக்கவும் கூடாது. எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான போக்ஸோ சட்டம் 33-ல குழந்தைகிட்ட வக்கீல் நேரா கேள்வி கேக்கக் கூடாது, ஜட்ஜ் மூலமாத்தான் கேக்கணும்னு இருக்கு, திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு கூப்பிடக் கூடாதுன்னு இருக்கு, 36-ல அக்யூஸ்ட் முன்னாடி நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு, 2004-ல சாக்ஷி வழக்குல திரை போடணும், கேள்விய எழுதி ஜட்ஜ் கிட்ட குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, இத்தனையும் அதுக்கு முந்தின நாள் சனிக்கிழமைதான் போர்டுல எழுதிப் போட்டாங்க. மறுநாள் அதே ரூம்ல ஒரு பொண்ண, சம்மதமான்னு ஒரு வார்த்தை கேக்காம கூண்டுல ஏத்திட்டாங்க. விக்டிம்ஸ் பத்தி சொல்லித் தர்ற இடத்துல இது நடந்திருக்கக் கூடாது. நான் மேடம் கிட்டயே நேர்ல போய் சொன்னேன். அவங்க சாக்கு சொல்லல, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, தப்பு என்னோடதுன்னாங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஃபோன் பண்ணி பேசியிருக்காங்க. அவ அடுத்த வாரம் வந்தா, ஸ்டெனோ நாற்காலில உக்காந்தா.

அஞ்சாவது வாரம் வீக்டேல ஒரு கோர்ட்டுக்கு கூட்டிட்டுப் போனாங்க. அங்க பாத்தது, வேலைய விட்டுட்டு வந்த ஒரு கட்டட மேஸ்திரி, சாட்சி, காலைல இருந்து வராண்டாவுல நிக்கிறாரு, மூணரைக்கு வேற தேதின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சாட்சி வந்திருக்கும்போது காரணம் எழுதாம விசாரிக்காம ஒத்தி வைக்கக் கூடாதுன்னு பிஎன்எஸ்எஸ் 346-ல இருக்கு. சாட்சிக்கு செலவுக்கு பேட்டா குடுக்க 350 இருக்கு. அந்த மேஸ்திரிகிட்ட மேடம் தமிழ்ல பேச்சுக் குடுத்தாங்க, பேட்டான்னு ஒண்ணு இருக்குறதே அவருக்கு தெரியல. நாங்க வெளிய வந்து அரை மணி நேரம் அதப் பத்தியே பேசினோம், அந்த அரை மணி நேரத்துக்கு ஈடா எந்த லெக்சரும் இல்ல.

ஆறாவது வாரம் காம்பன்சேஷன், அது சொதப்பல்னு நேராவே சொல்றேன். கெஸ்டா வந்தவரு ஸ்லைட பாத்துப் படிச்சாரு, நோட்ஸ்ல முழுக்க பழைய 357, 357ஏ தான், பிஎன்எஸ்எஸ் 2024 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்கு, இன்னும் 395, 396-னு மாத்தாம குடுக்குறது சரியில்ல. நான் வீட்டுல உக்காந்து நானே சரி பண்ணிக்கிட்டேன். சேர்றவங்க குறிச்சுக்கோங்க, 395 அபராதத்துல இருந்து கோர்ட் குடுக்கச் சொல்ற நஷ்டஈடு, 396 அரசு திட்டம், அக்யூஸ்ட் யாருன்னே தெரியாட்டியும் லீகல் சர்வீசஸ் அத்தாரிட்டிக்கு நேரா விண்ணப்பிக்கலாம், அவங்க ரெண்டு மாசத்துல விசாரணைய முடிக்கணும், 397-ல அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ பாலியல் குற்றம், ஆசிட் தாக்குதல்ல பாதிக்கப்பட்டவங்களுக்கு இலவசமா உடனே சிகிச்சை தரணும், மறுத்தா பிஎன்எஸ் 200-ல தண்டனை. 2013 அங்குஷ் கெய்க்வாட் வழக்கு, நஷ்டஈடு பத்தி யோசிச்சு காரணம் எழுதுறது கோர்ட்டோட கடமைன்னு சொன்னது, அதையும் அவரு தொடவே இல்ல. போலீஸ் 90 நாளுக்குள்ள விசாரணை எந்த அளவுல இருக்குன்னு புகார்தாரருக்கோ விக்டிமுக்கோ சொல்லணும்ங்கிற 193(3), கேஸ வாபஸ் வாங்குறதுக்கு முன்னாடி விக்டிம கேக்கணும்ங்கிற 360, இந்த ரெண்டும் புதுசு, அதுக்கு ஒரு முழு நாள் குடுத்திருக்கலாம்.

மத்த குறை எல்லாம் சின்னது. ஃபேன் ஒண்ணுதான், ஏப்ரல்ல வெந்து போவீங்க. சர்டிபிகேட் சொன்ன தேதிக்கு மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவாங்கன்னு நெனச்சு சேராதீங்க, அவங்களும் அப்படி சொல்லல. ஜுடிஷியல் எக்ஸாமுக்கு மட்டும் படிக்கிறவங்களுக்கு இது பத்தாது. ட்ரையல் சைடு போகணும்னு மனசுல இருக்கறவங்க, முக்கியமா வீட்டுல தமிழ் பேசி கோர்ட்டுல கன்னடம் பேசப் போற நம்ம பசங்க, கண்டிப்பா போங்க. பேர் ஆக்ட் ரெண்டும், பழசும் புதுசும், கைல எடுத்துட்டுப் போங்க.

அடுத்த பேட்ச்ல என் ஃப்ரெண்ட் ஒருத்தி சேந்திருக்கா, போன வாரம் சொன்னா. டப்பாவுல ஒண்ணும் எழுதாத வெள்ளைச் சீட்டு நாலஞ்சு சேர்த்துப் போட்டு வச்சிருக்காங்களாம். எந்த ரோல் வந்தாலும் காரணம் சொல்லாம அத வச்சுட்டு வெள்ளைச் சீட்ட எடுத்துக்கலாமாம். கதவுக்குப் பக்கத்துல உள்பக்கமா ஒரு நாற்காலியும் புதுசா போட்டிருக்காங்களாம்.